நடக்காத ஆட்டத்தில் கடைசி யார்?

எங்கள் ஊர் வாசிகசாலையில், பழைய பத்திரிகைகளைக் கட்டிவைக்கும் அலுமாரிக்கு மேல் ஒரு பால்மா பேணி இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே கையை விட்டு எடுத்தால் இன்னும் லேசாகப் பால்மா மணக்கும். எங்கள் மென்பந்து கிரிக்கெட் தொடர் ஒழுங்காக நடக்கும் ஆண்டுகளில் அதற்கு வேலை இல்லை. தொடர் நடக்காமல் போன ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் அதைக் கீழே இறக்கினோம்.

ஆறு அணிகள். தை மாதத்தில், புதிதாக ஆட வருகிற பையன்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். முந்தைய தொடரில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. கிண்ணம் வென்ற அணிக்குக் கடைசித் தெரிவு. எங்கும் எழுதிவைத்த விதி அல்ல, பேசிப் பேசி வந்த வழக்கம். கொரோனா வந்த ஆண்டிலும் தையில் தெரிவு நடந்தது. பங்குனியில் ஊரடங்கு. சித்திரையில் தொடர் இல்லை. அடுத்த தெரிவுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது: இப்போது கடைசி யார்?

வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் பேசித் தீர்த்திருப்போம். அந்த ஆண்டு வந்தவர்களில் இடக்கை வேகப்பந்துப் பையன் ஒருவன் இருந்தான். கல்லு வீதியில் தார்ப் பீப்பாவை விக்கெட்டாக வைத்து அவன் போட்ட பந்துகளைப் பார்த்தவர்கள் ஆறு அணியிலும் இருந்தார்கள். முந்தைய தொடரில் கடைசியாக வந்த அணியின் தலைவர் எழுந்தார். "கடைசி நாங்கள். அதற்குப் பிறகு ஆட்டமே நடக்கவில்லை. ஆகவே இன்னும் நாங்கள்தான் கடைசி" என்றார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, அந்தக் கடைசிக்கு உரியதைப் போன தையிலேயே எடுத்துக்கொண்டீர்கள். ஒரு சாவுக்கு இரண்டு அந்தியேட்டியா?" என்று கேட்டார்.

அன்றிரவு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கும் மருமகனிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "மாமா, இது அப்படியே குரோஸ்பி வழக்கு" என்றான்.

சிட்னி குரோஸ்பி என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. கனடாவில் தெரியாதவர் இருக்கமாட்டார். 2005ஆம் ஆண்டு, 17 வயதில், ஐஸ் ஹொக்கி உலகமே காத்திருந்த பையன் அவன். அவன் எந்த அணிக்குப் போவது என்பதை முடிவு செய்ய வேண்டிய என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கிடம் அந்த ஆண்டு புள்ளி அட்டவணையே இருக்கவில்லை. எங்கள் பேணியிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி, பல கோடி டொலர் பெறுமதியில் அவர்களிடம் கேட்கப்பட்டது.

கதையை அங்கிருந்து சொல்வதற்கு முன், 'ட்ராஃப்ட்' என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்காவில் புதிய வீரர்களை அணிகள் விரும்பியபடி விலைபேசி வாங்குவதில்லை. வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தெரிவு செய்கின்றன. அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கான என்.எஃப்.எல். இதை 1936இல் தொடங்கியது. யோசனை பேர்ட் பெல் என்பவருடையது. அவர் அப்போது ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து நொந்துபோனவர். தோற்றவன் முதலில் எடுக்கட்டும், வென்றவன் கடைசியில் எடுக்கட்டும் என்றார். அந்த முதல் ட்ராஃப்டில் முதலாவதாகத் தெரிவான ஜே பேர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வேறு கதை.

தோல்விக்குப் பரிசு வைத்தால் தோற்பதற்கும் ஆட்கள் முண்டியடிப்பார்கள். அதற்கு மருந்தாக வந்தது குலுக்கல். கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1985இல் கீழ்வரிசை அணிகளின் பெயர்களை உறைகளில் இட்டு உருளையில் சுழற்றி எடுத்தது. நியூயோர்க் அணி வென்று பேட்ரிக் யூவிங்கைப் பெற்றது. அந்த உறை மட்டும் முன்பே குளிரூட்டப்பட்டிருந்தது, தொட்டவுடன் தெரியும்படி வைத்திருந்தார்கள் என்ற வதந்திக்கு 40 வயதாகிறது. ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. எங்கள் பேணியிலும் ஒரு சீட்டு வேறு கொப்பியின் தாளில் எழுதப்பட்டிருந்தது, கொஞ்சம் தடிப்பு. அதைக் கண்டுபிடித்து எல்லாச் சீட்டையும் கிழித்து எறிந்து, ஒரே தாளை மடித்துக் கத்தரித்து மறுபடி எழுதியபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

இனி 2005. என்.எச்.எல். முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் சம்பள உச்சவரம்பு தொடர்பாகத் தகராறு. 2004 செப்டெம்பரில் முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். 2005 பெப்ரவரி 16ஆம் திகதி ஆணையாளர் கேரி பெட்மன் முழுப் பருவகாலத்தையும் ரத்துச் செய்தார். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் தொழில் தகராறு ஒரு முழுப் பருவகாலத்தை விழுங்கியது அதுவே முதல் தடவை. 1919இல் காய்ச்சல் பரவி இறுதிப் போட்டி பாதியில் நின்ற பிறகு, ஐஸ் ஹொக்கி சம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படாத முதல் ஆண்டும் அதுவே. ஜூலையில் உடன்பாடு வந்தது. வந்த கையோடு ட்ராஃப்ட் நடத்த வேண்டும். 30 அணிகள். வரிசை இல்லை.

முதலில் எவருக்கும் தோன்றும் வழி, 2004 அட்டவணையையே திரும்ப எடுப்பது. எங்கள் கணித ஆசிரியர் சொன்ன அந்தியேட்டிக் கணக்கு இங்கேதான் வருகிறது. 2003-04இல் பிட்ஸ்பேர்க் பென்குவின்ஸ் அணி 58 புள்ளிகளுடன் அடியில் கிடந்தது. அதற்குரிய பலனாக 2004 ட்ராஃப்டில் இரண்டாவது தெரிவைப் பெற்று எவ்கெனி மல்கினை எடுத்துவிட்டது. வொஷிங்டன் அணி குலுக்கலில் முதலிடம் பெற்று அலெக்சாண்டர் ஒவெச்கினை எடுத்தது. இருவரும் இந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர்கள். அதே தோல்வியைக் காட்டி இன்னொரு முறை கையை நீட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? போதாததற்கு, ஒரு ஆண்டு இடைவெளியில் பல வீரர்களின் ஒப்பந்தங்கள் முடிந்துபோயிருந்தன. 2004இல் பலமாக இருந்த அணி 2005இல் வெறுங்கூடாக இருக்கக்கூடும்.

மற்ற நுனியில் இருந்தது முழுச் சமத்துவம். குலுக்கல் உருளையில் 30 அணிக்கும் ஆளுக்கு ஒரு பந்து, யாருக்கு விழுகிறதோ அவருக்கு. ஆட்டமே நடக்காதபோது எல்லோரும் பூச்சியம்தானே என்ற வாதம் கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஆண்டாண்டாக மேலே நிற்கிற பணக்கார அணியும் நாலாண்டாக நொண்டுகிற அணியும் ஒரே வரிசையில் நிற்கும். பேர்ட் பெல் எதைத் தடுக்க வந்தாரோ அது பின்கதவால் உள்ளே வந்துவிடும்.

லீக் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சூத்திரம் எழுதியது. ஒவ்வோர் அணிக்கும் 3 பந்துகள். கடந்த 3 பருவகாலங்களில் பிளேஓஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்றுக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பந்து கழியும். கடந்த 4 ட்ராஃப்டுகளில் முதல் தெரிவைப் பெற்றிருந்தால் அதற்கும் ஒரு பந்து கழியும். எவ்வளவு கழிந்தாலும் கடைசி ஒரு பந்து கையில் இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது 4 அணிகளுக்கு 3 பந்து: பஃபலோ, கொலம்பஸ், நியூயோர்க் ரேஞ்சர்ஸ், பிட்ஸ்பேர்க். 10 அணிகளுக்கு 2 பந்து. எஞ்சிய 16 அணிகளுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 48 பந்துகள்.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் சீட்டுத்தான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அயலுக்குள் பிடிக்கும் குலுக்கற் சீட்டில் மாதம் தோறும் எல்லோரும் காசு போடுவார்கள், ஒருவர் பெயர் விழும், மொத்தக் காசும் அவருக்கு. விழுந்தவரின் துண்டு மறுமாதம் பேணிக்குள் போகாது. காசு மட்டும் தொடர்ந்து போட வேண்டும். அதனால்தான் சண்டை இல்லாமல் இருபது மாதம் ஓடுகிறது. குலுக்கல் என்றாலும் அதற்கு ஞாபகம் உண்டு. என்.எச்.எல். செய்தது இதன் மெல்லிய வடிவம்: ஏற்கெனவே விழுந்தவரின் துண்டை முற்றாக எடுத்துவிடாமல், குறைத்துப் போட்டார்கள்.

இதைவிடப் பழைய முன்மாதிரியும் எங்களிடமே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 920இல், உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டிய கல்வெட்டு குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. ஊரில் 30 குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் ஓலை குடத்துக்குள் போகாது. அங்கேயும் முப்பது, இங்கேயும் முப்பது. அங்கேயும் மூன்று ஆண்டு, இங்கேயும் மூன்று ஆண்டு. நியூயோர்க்கில் உட்கார்ந்து விதி எழுதிய வழக்கறிஞர்கள் உத்திரமேரூரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. தற்செயல்தான். ஆனால் பங்கு பிரிக்கும் பிரச்சினை ஒன்றாக இருந்தால் மனித மூளை போய்ச் சேரும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 22ஆம் திகதி குலுக்கினார்கள். பிட்ஸ்பேர்க் வென்றது. 48இல் 3, அதாவது 6.25 வீத வாய்ப்பு. ஏற்கெனவே மல்கினை வைத்திருந்த அணிக்கு இப்போது குரோஸ்பியும். அந்தியேட்டி இரண்டு தடவை நடந்தேவிட்டது. விதியாக நடக்கவில்லை, அதிர்ஷ்டமாக நடந்தது. எட்டு நாள் கழித்து, ஜூலை 30இல், ஒட்டாவாவில் ஒரு ஹோட்டலுக்குள் ட்ராஃப்ட் நடந்தது. பின்னர் 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் குரோஸ்பியின் தலைமையில் பிட்ஸ்பேர்க் கிண்ணம் வென்றது.

அந்தச் சூத்திரத்தை மெச்சி எழுதுகிறவர்கள் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. 2 பந்து பெற்ற பத்து அணிகளின் பட்டியலைப் பாருங்கள். கரோலினா 2002இல் இறுதிப் போட்டி வரை போன அணி. அனஹெய்ம் 2003இல் இறுதிப் போட்டி வரை போனது. கல்கரி 2004இல் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. மூவரும் தங்கள் ஆண்டில் உச்சத்துக்கு ஏறி, மற்ற இரண்டு ஆண்டிலும் பிளேஓஃபைத் தவறவிட்டவர்கள். ஆகவே ஒரு பந்துதான் கழிந்தது. 2003-04இல் வீரர்களை விற்றுத் தள்ளி 59 புள்ளிகளுடன் கீழே கிடந்த வொஷிங்டனுக்கோ ஒரே ஒரு பந்து. 2003இல் பிளேஓஃப் போனதற்கு ஒன்று, ஒவெச்கினுக்கு ஒன்று என இரண்டு கழிந்துவிட்டது. போன ஆண்டு கிண்ணத்தைத் தொட்டுவிட்டு வந்த கல்கரிக்கு, அடிமட்டத்தில் கிடந்த வொஷிங்டனின் வாய்ப்பைப்போல் இருமடங்கு.

குறை எங்கே என்றால், சூத்திரம் 'போனாயா, இல்லையா' என்று மட்டும் கேட்டது. எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கவில்லை. முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய அணிக்கும் கிண்ணத்தைத் தூக்கிய அணிக்கும் ஒரே கழிவு. குலுக்கலில் இரண்டாம் தெரிவு அனஹெய்முக்கும் மூன்றாம் தெரிவு கரோலினாவுக்கும் விழுந்தன. அடுத்த ஆண்டே, 2006இல், கரோலினா கிண்ணம் வென்றது. 2007இல் அனஹெய்ம் வென்றது. அந்த வெற்றிகளை அந்தத் தெரிவுகள் கொண்டுவரவில்லை, அவ்வளவு விரைவில் கொண்டுவரவும் முடியாது. அணிகள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தன என்பதைத்தான் அது காட்டுகிறது. உதவி தேவைப்படாதவர்களை உதவி தேவைப்படுபவர்களாக அந்தச் சூத்திரம் எண்ணிக்கொண்டது.

ஆனால் இன்னொரு ஏற்பாட்டில் அவர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினார்கள். வழக்கமாக எல்லாச் சுற்றிலும் ஒரே வரிசைதான்: முதலாம் அணி இரண்டாம் சுற்றிலும் முதலாவதாகவே எடுக்கும். அந்த ஆண்டு வரிசை பாம்பைப்போல் வளைந்து திரும்பியது. முதல் சுற்றில் முதலாவதாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் கடைசி, மூன்றாம் சுற்றில் மறுபடி முதல். சுற்றுகளையும் ஒன்பதிலிருந்து ஏழாகக் குறைத்தார்கள். முதலாவதாகக் குரோஸ்பியை எடுத்த பிட்ஸ்பேர்க் அடுத்ததாக வாய் திறக்க 61ஆவது தெரிவு வரை காத்திருந்தது. உடனே 62ஆவதும் அதற்கே. அந்த 62இல் எடுத்த கிரிஸ் லெடாங் மூன்று கிண்ணம் வென்றபோதும் குரோஸ்பியோடு அணியில் இருந்தவர். காத்திருப்பும் சிலருக்கு வாய்த்துவிடுகிறது.

மருமகனுக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. ஒரு பந்தோடு போன ரொறன்ரோ 21ஆவது தெரிவில் கோல்காப்பாளர் துக்கா ராஸ்கை எடுத்தது. அடுத்த ஆண்டே அவரை பொஸ்ரனுக்குக் கொடுத்துவிட்டது. 2014இல் லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் விருதை ராஸ்க் பொஸ்ரனுக்காக வாங்கினார். "வரிசை எப்படிப் போட்டாலும் மாமா, மடையனிடம் கொடுத்தால் வீண்தான்" என்று அவன் சொல்வதில் ஸ்காபரோவின் ஒரு தலைமுறை ஏக்கம் இருக்கிறது.

முழுப் பருவகாலமும் போனால் இப்படி. பாதி நடந்து நின்றால் வேறு கணக்கு. அப்போது ஓரளவு அட்டவணை கையில் இருக்கும், ஆனால் எல்லோரும் சம அளவு ஆடியிருக்கமாட்டார்கள். 2020இல் கொரோனாவால் பல டெஸ்ட் தொடர்கள் நின்றபோது, உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் அட்டவணையை ஐ.சி.சி. மொத்தப் புள்ளியிலிருந்து வீதத்துக்கு மாற்றியது. 360 புள்ளியோடு முதலிடத்தில் இருந்த இந்தியா 75 வீதமாகி இரண்டாமிடத்துக்கு இறங்கியது. 296 புள்ளி வைத்திருந்த அவுஸ்திரேலியா 82.2 வீதத்தோடு மேலே ஏறியது. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. கணக்கு நியாயமானதுதான். ஆட்டத்தின் நடுவில் அளவுகோலை மாற்றினார்கள் என்ற முணுமுணுப்பும் நியாயமானதே. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் அதே ஆண்டின் வசந்தத்தில் பிரான்ஸ் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிட்டு சம்பியனை அறிவித்தது, இரண்டு அணிகளைக் கீழே இறக்கியது. நெதர்லாந்து சம்பியன் இல்லை, ஏற்றம் இல்லை, இறக்கமும் இல்லை என்று கைகழுவியது. அங்கே இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் நின்ற கம்பூர் அணி மேலே போக முடியாமல் நின்றது.

என்.எச்.எல்.கூட 2020இல் மறுபடி மாட்டிக்கொண்டது. மார்ச்சில் ஆட்டம் நின்றது, கோடையில் 24 அணிகளோடு திரும்பத் தொடங்கியது. ஆட்டம் முடியும் முன்பே, ஜூனில், குலுக்கல் வைத்தார்கள். அதில் முதல் தெரிவு பெயரில்லாத ஓர் இடத்துக்கு விழுந்தது: இனி நடக்கப்போகும் தகுதிச் சுற்றில் தோற்கும் எட்டு அணிகளில் ஒன்று. ஓகஸ்டில் அந்த எட்டுக்கும் தலா 12.5 வீதத்தில் இன்னொரு குலுக்கல். நியூயோர்க் ரேஞ்சர்ஸ் வென்றது. அந்தப் பருவகாலத்தில் 71 ஆட்டத்தில் 17இல் மட்டும் வென்ற டிட்ரோயிட் நாலாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. இதைவிட எங்கள் பேணி மேல் என்று நான் நினைத்ததுண்டு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 இறுதியில் நடக்கவிருந்த லங்கா பிரீமியர் லீக்கின் ஆறாவது தொடர் ஒத்திவைக்கப்பட்டது. 2026 இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்செய்ய வேண்டும் என்று இலங்கை கிரிக்கெட் சொன்னது. 2024 கிண்ணம் யாழ்ப்பாணத்திடம். அதற்கு முன் 2020, 2021, 2022 கிண்ணங்களும் யாழ்ப்பாணத்திடமே. ஐந்து தொடரில் நான்கு. அந்த ஐந்து தொடரிலும் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை என்ற மனக்குறை ஒருபுறம் இருக்கட்டும். மண்டைதீவில் மைதானம் எழும்பும்போது அதைப் பேசுவோம்.

லங்கா பிரீமியர் லீக் ட்ராஃப்டோடு தொடங்கி 2023இல் ஏலத்துக்கு மாறியது. ஏலத்தில் வரிசைத் தலையிடி பெரும்பாலும் இல்லை. எல்லோர் கையிலும் ஒரே அளவு பணம். வேண்டியவன் விலையை ஏற்றுவான். ஆனாலும் பேச்சுக்கு, அடுத்த தெரிவு ட்ராஃப்டாக நடந்தால் என்.எச்.எல். சூத்திரம் இங்கே என்ன செய்யும் என்று பார்ப்போம். கொப்பியும் பேனாவும் எடுத்து நான் போட்டுப் பார்த்தது இது.

முதலாவது இடறல்: ஐந்து அணியில் நான்கு பிளேஓஃபுக்குப் போகும். அதை அளவாக வைத்தால் எல்லோருக்கும் கழிந்து எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே இறுதிப் போட்டியை அளவாக வைப்போம். கடந்த மூன்று தொடர், ஆளுக்கு 3 பந்து, இறுதிப் போட்டிக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று கழிவு. யாழ்ப்பாணம் 2022, 2024 என இரண்டு முறை போனதால் 1 பந்து. கொழும்பு 2022இலும், கண்டியும் தம்புள்ளையும் 2023இலும், காலி 2024இலும் ஒவ்வொரு முறை போயின. தலா 2 பந்து. மொத்தம் 9. யாழ்ப்பாணத்துக்கு 11 வீதம், மற்ற நால்வருக்கும் தலா 22 வீதம்.

இப்போது இறுதிப் போட்டியை விட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் எண்ணுவோம். யாழ்ப்பாணம் 1, கண்டி 2, மற்ற மூன்றும் தலா 3. மொத்தம் 12. காலியின் வாய்ப்பு 25 வீதமாக உயர்கிறது.

மூன்று தொடரோடு நிறுத்தாமல் ஐந்தையும் எடுத்தால்? ஆளுக்கு 5 பந்தில் தொடங்கி இறுதிப் போட்டிகளைக் கழிப்போம். யாழ்ப்பாணம் நான்கு முறை போனது, 1 பந்து. காலி 2020, 2021, 2024 என மூன்று முறை போனது, 2 பந்து. மற்ற மூன்றுக்கும் தலா 4. மொத்தம் 15. காலிக்கு 13 வீதம்.

அதே காலி, அதே வரலாறு: 22, 25, 13. மூன்று இறுதிப் போட்டியிலும் யாழ்ப்பாணத்திடமே தோற்று ஒரு கிண்ணமும் இல்லாமல் நிற்கிற அணி அது. தோற்றவனுக்கு உதவ வந்த சூத்திரம், தோற்பதற்காக அவ்வளவு தூரம் போனதற்கு அவனைத் தண்டிக்கிறது. எத்தனை ஆண்டை எண்ணுவது, எதைத் தோல்வி என்று கொள்வது என்ற இரண்டு முடிவும் பந்து உருளும் முன்பே பாதி வரிசையை எழுதிவிடுகின்றன. குலுக்கலைத்தான் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். உண்மையான பேரம் அதற்கு முந்திய அறையில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் எங்கள் நாட்டுக்கே உரியது. இந்த லீக்கில் உரிமையாளர்கள் மாறுகிறார்கள், உரிமையாளரோடு பெயரும் மாறுகிறது. காலி கிளாடியேட்டர்ஸ் டைட்டன்ஸாகி மார்வல்ஸானது. யாழ்ப்பாணமே முதல் ஆண்டு ஸ்டாலியன்ஸ், பிறகு கிங்ஸ். புதிதாக வாங்கிய உரிமையாளர், "அந்தக் கிண்ணங்கள் பழைய ஆளுடையவை, என் பந்தை ஏன் கழிக்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில்? ஊருக்கு ஞாபகமா, உரிமையாளருக்கு ஞாபகமா? என் பதில் ஊருக்கு என்பதே. யாழ்ப்பாணத்துப் பையன் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணச் சட்டையோடு இறங்கி அஞ்சலோ மத்யூஸை வீழ்த்தியபோது இங்கே வீடுகளில் எழுந்த கூச்சலுக்கும் உரிமையாளருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிண்ணத்தின் பெருமை ஊருக்கு என்றால் அதற்குரிய கழிவும் ஊருக்குத்தான். யாழ்ப்பாணத்தானாக இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு நட்டம் என்பது தெரியும்.

என்னிடம் கேட்டால் இப்படிச் செய்வேன்: மூன்று தொடரை எண்ணுவேன், ஆனால் ஒரே எடையில் அல்ல, அண்மைய தொடருக்குக் கழிவு கூட, பழையதற்குக் குறைவு. கிண்ணத்துக்கு முழுக் கழிவு, இறுதிப் போட்டியில் தோற்றால் பாதி. ஏற்கெனவே முதல் தெரிவு பெற்றிருந்தால் தனியாக ஒரு கழிவு. யாருக்கும் பூச்சியம் வராது. அதற்குமேல் பாம்பு வரிசை. முதலாம் இடம் கிடைத்தவர் பிறகு காத்திருப்பார் என்பதால், குலுக்கலில் விழாதவருக்கு வயிற்றெரிச்சல் பாதியாகக் குறையும். இதில் எண்களை யாரும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றக்கூடாதது ஒன்றுதான்: இந்த விதி தொடர் நடக்கும் ஆண்டிலேயே எழுதப்பட வேண்டும். யார் எதை இழப்பார் என்று தெரியாத நேரத்தில் எழுதினால் ஒரு மணித்தியாலம் போதும். இடக்கைப் பையன் வாசலில் நிற்கும்போது எழுதத் தொடங்கினால் ஒவ்வொருவரும் தன் அணிக்குச் சாதகமான எண்ணைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் வருவார்.

நாங்கள் எழுதவில்லை. அன்று பொழுது சாய்ந்த பிறகு, முந்தைய தொடரின் கடைசி இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு சீட்டும் கிண்ணம் வென்ற அணிக்கு ஒன்றும், நடுவில் இருந்த மூன்றுக்கும் ஒவ்வொன்றும் என்று முடிவாகி, பேணிக்குள் எட்டுச் சீட்டுப் போட்டோம். முதல் தெரிவைப் போன தையில் பெற்ற அணிக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று கணித ஆசிரியர் நின்றார்; கடைசியில் ஏழாகியது. வாசிகசாலைக்குப் பத்திரிகை கொண்டுவரும் பெரியவரின் பேத்தி கண்ணை மூடி எடுத்தாள். நடுவில் இருந்த ஓர் அணிக்கு விழுந்தது. அந்த இடக்கைப் பையன் ஒரு தொடர் ஆடினான். அடுத்த ஆண்டு படிக்கக் கொழும்புக்குப் போய்விட்டான்.

போன மாதக் கூட்டத்தில் கழகத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பியில் கடைசியாக ஒரு விதி எழுதினோம். மூன்று பந்தி. நாலாவது பந்திக்கு இடம் விட்டிருக்கிறோம். ஓர் அணிக்குக் கனடாவிலிருந்து காசு அனுப்பி வந்தவர் மாறிவிட்டார், அணியின் பெயரையும் மாற்றச் சொல்கிறார்; பழைய இரண்டு கிண்ணங்களை எந்தப் பெயரில் எண்ணுவது என்று முடிவாகவில்லை.